சிற்றோவியங்களை வெட்டி அச்சிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இந்தியச் சிற்றோவியங்களைப் பற்றி அண்மையில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியாயிற்று. கலை பற்றிய எழுத்துக்குத் தமிழ் நாளிதழ்களில் இடம் சுருங்கிவரும் காலத்தில் ஒரு முழுப்பக்கத்தை ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. கட்டுரையில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை. அதனுடன் வந்த பெரிய படத்தைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பாணியைச் சேர்ந்த ஓர் ஓவியத்திலிருந்து ஒரு பெண்ணின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி மட்டும் எடுத்து அச்சிடப்பட்டிருந்தது. ஒரு கை உயர்ந்திருக்கிறது. விரல்களிலிருந்து முத்துச்சரம் ஒன்று தொங்குகிறது. படத்தின் கீழே ‘நகை அணியும் நங்கை’ என்று விளக்கம் தரப்பட்டிருந்தது. அந்தப் பெண் நகை அணியவில்லை. அணிந்திருந்தவற்றைக் கழற்றி எறிந்துகொண்டிருக்கிறாள்.

இவ்வகை ஓவியத்தை முழுமையாகப் பார்த்தவர்களுக்கு இதில் ஐயம் எழாது. இரவு நேரம், ஊருக்கு வெளியே ஒரு மரம், அதனடியில் இலைகளைப் பரப்பி அமைத்த படுக்கை. அதில் யாரும் படுத்த தடம் இல்லை. அவள் காலடியில் ஏற்கெனவே கழற்றிய அணிகள் சிதறிக் கிடக்கும். குறித்த இடத்துக்கு வருவதாகச் சொன்னவன் வரவில்லை என்பதை அந்த வெறும் படுக்கையும், யாருக்காக அணிந்தாளோ அவனே வராதபோது இவை எதற்கு என்பதைத் தரையில் கிடக்கும் நகைகளும் சொல்லிவிடுகின்றன. வடமொழி இலக்கண நூல்கள் இவளை விப்ரலப்தை என்று பெயரிட்டு அழைக்கின்றன, ஏமாற்றப்பட்டவள். தங்கள் பக்க வடிவமைப்பாளர் படுக்கையையும் மரத்தையும் தரையையும் நீக்கிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஓவியத்தில் எதையும் சொல்லாத பகுதி அந்த முகம் ஒன்றுதான்.

இதை நான் மிகையாகச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். காங்ரா போன்ற இமயமலைநாடுகளின் பஹாடி ஓவியங்களிலும் ராஜஸ்தானத்து ஓவியங்களிலும் பெண்களின் முகம் பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றத்தில் ஒரே வார்ப்பாகவே அமைந்திருக்கும். காதலனுடன் ஊஞ்சலில் அமர்ந்திருப்பவளுக்கும், அவன் பிரிவால் நலிந்து கிடப்பவளுக்கும் மூக்கும் கண்ணும் உதடும் ஏறத்தாழ ஒன்றே. வாய்விட்டு அழும் தலைவியை இவ்வோவியங்களில் காண்பது அரிது. சித்திரக்காரர்களுக்கு முகத்தில் துயரத்தைத் தீட்டத் தெரியவில்லை என்று ஒரு காலத்தில் சில மேலை விமர்சகர்கள் இதைக் குறையாகக் கருதினார்கள். என் கருத்தில், சித்திரக்காரர்கள் துயரத்தை முகத்திலிருந்து வேண்டுமென்றே அகற்றி, அவளைச் சுற்றியுள்ள பொருள்களிடம் ஒப்படைத்தார்கள். அணைந்த விளக்கு, மூடிய கதவு, வெறும் கட்டில், இணையாக நீந்தும் பறவைகள், மரத்தைச் சுற்றிப் படர்ந்த கொடி, அடிவானத்தில் திரளும் கருமேகம் ஆகிய இவையே அங்கே பேசுகின்றன. காங்ரா ஓவியங்களில் பிரிவுற்றவளின் அருகே கிளைகள் தழைந்து தொங்கும் மரத்தை வைப்பதும், கூடியிருப்பவர்களின் அருகே இரண்டு மரங்களைப் பின்னிப் பிணைத்து வரைவதும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல.

இந்த மொழிக்கு ஓர் இலக்கணம் இருந்தது. நாட்டிய சாத்திரம் வகுத்த எட்டு நாயகியர் தமிழ்நாட்டுப் பரதநாட்டிய அரங்குகளில் நன்கு அறிமுகமானவர்கள். அலங்கரித்துக் காத்திருப்பவள், ஏங்கிக் கலங்குபவள், தலைவனைத் தன் வயப்படுத்தியவள், சண்டையிட்டு அனுப்பிவிட்டுப் பின் வருந்துபவள், வேறொருத்தியிடமிருந்து வந்தவனைச் சினப்பவள், ஏமாற்றப்பட்டவள், தலைவன் வெளியூர் சென்றிருப்பவள், தானே அவனைத் தேடிப் புறப்படுபவள் என்னும் இவர்களை அபிநயத்தில் பார்த்துப் பழகிய கண்களுக்குச் சிற்றோவியம் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. எட்டுப் பேரில் ஒருத்தி மட்டுமே எந்தக் குறையுமின்றித் தலைவனோடு மகிழ்ந்திருப்பவள் என்பதைக் கவனித்தால், இம்மரபில் காதலை விடக் காதலின் தடைகளுக்கே இடம் மிகுதி என்பது விளங்கும். பானுதத்தர் வடமொழியில் எழுதிய ரசமஞ்சரியும், ஓர்ச்சாவில் கேசவதாசர் 1591இல் பிரஜ் மொழியில் இயற்றிய ரசிகப்பிரியாவும் இந்த வகைகளை மேலும் விரித்தன. ஓவியர்கள் கையில் வைத்துக்கொண்டு வரைந்தவை இந்நூல்கள். இமயத்தின் அடிவாரத்திலுள்ள பசோலியில், கிர்பால் பால் என்னும் அரசருக்காகத் தேவிதாசர் என்ற ஓவியர் 1695இல் ரசமஞ்சரித் தொடரை வரைந்து முடித்தார். பட்டையான மஞ்சளும் சிவப்புமாகப் பின்புலம், அகன்று விரிந்த கண்கள், மரகதத்துக்கு ஈடாகப் பொன்வண்டின் இறகுறையை நறுக்கி ஒட்டிய நகைகள் என்று பசோலி ஓவியங்களுக்கு ஒரு கடுமையான அழகு உண்டு. சொல்லவேண்டிய இன்னொன்று, இத்தொடரில் நாயகனாக வருபவன் கண்ணன் அல்லன். ஒரு பெருங்குடி ஆடவன். ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் சிற்றோவியம் எதுவானாலும் ‘ராதா கிருஷ்ணர்’ என்று எழுதிவிடும் பழக்கம் நம் பத்திரிகைகளில் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

தலைவனைத் தேடிப் புறப்படும் அபிசாரிகையின் ஓவியங்களைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். வெட்டினால் என்ன இழக்கிறோம் என்பதை அவை மிகத் தெளிவாகக் காட்டும். இருட்டில் போகிறவள் கருநீல உடையிலும், நிலவொளியில் போகிறவள் ஒளியோடு கலந்துவிடும்படி வெள்ளுடையிலும் வருவது கவிமரபு. கருநீல உடைக்காரியை வரையும் காங்ரா ஓவியர்கள் அவள் மேலாடையின் விளிம்பில் மெல்லிய பொற்கோடு ஒன்றை ஓட்டுவார்கள். மேலே வானத்தில் மின்னலும் அதே பொன்னில், அதே நெளிவில் ஓடும். வானம் அவளுக்குத் துணையா, அவளைக் காட்டிக்கொடுக்கப் போகும் ஒற்றனா என்று சொல்ல முடியாத நிலை அது. கீழே, காலருகே பாம்புகள் ஊர்கின்றன. காற்சிலம்பு ஒன்று கழன்று விழுந்து கிடக்கிறது. சில ஓவியங்களில் காட்டுக்குள்ளிருந்து பேய்மகளிர் எட்டிப் பார்க்கிறார்கள். நடுவில் நிற்கும் பெண்ணின் முகத்திலோ அச்சத்தின் சாயலே இல்லை. முகத்தை மட்டும் பார்ப்பவர் அவள் கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல இயலாது. அச்சம் முழுவதும் மின்னலுக்கும் பாம்புக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது; அவளிடம் எஞ்சியிருப்பது போய்ச் சேரவேண்டும் என்ற எண்ணம் மட்டுமே.

காதலர் இருவருக்கும் நடுவே உள்ள வெற்றிடமும் இவ்வாறே பொருள் உடையது. ராஜஸ்தானத்து மேவாரில் அரசர் முதலாம் ஜகத்சிங் காலத்தில் பணியாற்றிய சாஹிப்தீன் என்ற முஸ்லிம் ஓவியர் 1628இல் ராகங்களுக்கு உருவம் கொடுத்து வரையும் தொடரான ராகமாலையையும் 1629இல் கீதகோவிந்தத்தையும் வரைந்தார். ரசிகப்பிரியாவுக்கும் தொடர் ஒன்றை அமைத்தார். அவருடைய தாள்களின் மேற்புறத்தில் மஞ்சள் பட்டை ஒன்றில் செய்யுள் எழுதப்பட்டிருக்கும். அதன் கீழ் ஒரே சட்டத்துக்குள் பல அறைகள், சோலைகள். ஒன்றில் ராதை தனித்திருப்பாள், இன்னொன்றில் கண்ணன் தனித்திருப்பான். தோழி இரு இடங்களிலும் இருப்பாள். ஒரே தோழி இரண்டு முறை வரையப்பட்டிருப்பதால் அவள் தூது நடந்த வழியை நாம் கண்ணால் பின்தொடர்கிறோம். பிரிவு என்பது இங்கே இரண்டு மண்டபங்களுக்கு இடையிலுள்ள இரண்டு விரற்கடை அகலம்தான். பாதிப் படத்தை நறுக்கிவிட்டால் பிரிவும் போய்விடும், தூதும் போய்விடும். தோழியுடன் அளவளாவும் ஒரு சீமாட்டி மட்டும் மிஞ்சுவாள்.

கீதகோவிந்தத்தைத் தமிழர்க்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. நம் ஊர்ப் பஜனை மடங்களில் அஷ்டபதி தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வருகிறது. ‘யாஹி மாதவ’ என்னும் பதினேழாம் அஷ்டபதியில், விடியற்காலையில் வந்து நிற்கும் கண்ணனின் உதட்டில் ஒட்டிய மையையும், மார்பில் பதிந்த செம்பஞ்சுக் குழம்பையும், உறக்கமின்றிச் சிவந்த கண்களையும் ராதை எண்ணிக் காட்டுகிறாள். இந்தக் கண்டிதை நிலையை ஓவியர்கள் வரையும்போது வாசற்படிக்குப் பெரிய வேலை கொடுத்தார்கள். அவன் வெளியே நிற்கிறான், அவள் உள்ளே அமர்ந்திருக்கிறாள். நடுவே கதவு நிலை ஒன்று செங்குத்தாக ஓவியத்தை இரண்டாகப் பிளக்கிறது. அவள் கோபத்தின் அளவைச் சொல்ல அந்த ஒரு கோடு போதுமானது. பஹாடி மலைநாடான குலேரின் ஓவியர் மானகு 1730இல் வரைந்த தொடரிலும், மானகு, நைன்சுக் சகோதரர்களின் அடுத்த தலைமுறையினர் 1775ஐ ஒட்டி வரைந்த தொடரிலும் யமுனைக் கரையின் இலைப்பந்தர்களில் கண்ணனும் தனித்துத் தவிக்கிறான். ஏக்கம் பெண்ணுக்கு மட்டும் உரியதாக இவ்வோவியங்களில் காட்டப்படவில்லை என்பதை இத்தொடர்களை வரிசையாகப் பார்த்தால்தான் உணர முடியும்.

ஆற்றையே பிரிவாக்கிய ஓவியங்களும் உண்டு. பஞ்சாபின் சோஹ்னி மஹிவால் கதை பிற்கால முகலாய ஓவியர்களும் பஹாடி ஓவியர்களும் விரும்பி வரைந்த ஒன்று. இரவில் பானையைப் பற்றிக்கொண்டு ஆற்றை நீந்திக் கடக்கிறாள் சோஹ்னி. அக்கரையில் எருமைகளோடு காத்திருக்கிறான் காதலன் மஹிவால். சுடாத பானை ஒன்று மாற்றி வைக்கப்பட்டதும் அது நடு ஆற்றில் கரைந்ததும் கதை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே பானை கரைவதை ஓவியர் வரைந்து காட்டவேண்டிய அவசியம் இல்லை. நீரின் அகலத்தை வரைந்தால் போதும்.

பருவங்களைப் பற்றியும் கூற வேண்டும். கேசவதாசரின் 1601ஆம் ஆண்டுக் கவிப்பிரியாவில் உள்ள பன்னிரு மாதப் பாடல்கள் ராஜஸ்தானத்திலும் மலைநாடுகளிலும் எண்ணற்ற ஓவியங்களுக்கு அடிப்படையாயின. அங்கே தலைவன் இன்னும் பிரியவில்லை, பயணத்துக்கு எழுந்து நிற்கிறான். ஒவ்வொரு மாதமாக எடுத்துக்கொண்டு, இது புறப்படும் மாதமல்ல என்று தலைவி வாதிடுகிறாள். ஆடி கழிந்த மழைக்காலத்தில் ஆறுகள் கடலைச் சேர்கின்றன, கொடிகள் மரங்களைத் தழுவுகின்றன, மின்னல் மேகத்தோடு விளையாடுகிறது, மயில் அகவுகிறது, நீ மட்டும் எங்கே போகிறாய் என்பது வாதத்தின் போக்கு. முதுவேனில் மாதத்து ஓவியத்திலோ வெயில் தாளாமல் விலங்குகள் துவண்டு கிடக்கின்றன. ஓவியத்தின் கால்வாசியில் மாடத்தில் இருவரும் நின்று பேசிக்கொண்டிருக்க, முக்கால்வாசியில் நிலமும் நீரும் வானும் அவள் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். அவற்றை ‘இயற்கைக் காட்சி’ என்று எண்ணி ஓரத்தில் கத்தரிப்பது, வழக்கில் சாட்சிகளை வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பு எழுதுவதைப் போன்றது.

ராகமாலை ஓவியங்களில் பிரிவு இன்னும் மறைபொருளாகிறது. பெண்ணுருவில் வரையப்படும் ராகமான ராகினிகளுள் தோடி வீணையோடு காட்டில் தனியே நிற்கிறாள். மான்கள் அவளைச் சூழ்ந்துகொள்கின்றன. ககுபா கையில் மாலைகளோடு மயில்களின் நடுவே நிற்கிறாள், சூட்டவேண்டியவன் இல்லை. தன்யாசி என்று நாம் பெயரளவில் அறிந்த தனாஸ்ரீ, இல்லாதவனின் உருவத்தைப் பலகையில் வரைந்துகொண்டிருக்கிறாள். லலிதத்தில் அவள் கட்டிலில் உறங்க, விடிந்தும் விடியாத பொழுதில் அவன் ஓசையின்றி வெளியேறுகிறான். ராகங்களின் பெயர் ஒன்றாக இருப்பதால் இன்று கச்சேரியில் கேட்கும் தோடியையும் அந்த ஓவியத் தோடியையும் ஒன்றென்று கொள்ளவேண்டாம் என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். வடக்கின் தோடி வேறு, நம் தோடி வேறு.

முகமே சிறப்பாக அமைந்த சிற்றோவியம் இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். ராஜஸ்தானத்துக் கிஷன்கட்டின் ஓவியர் நிஹால்சந்த் வரைந்ததாகக் கருதப்படும் பனீ டனீ என்னும் பெண்ணின் ஓவியம் இருக்கிறது. நீண்டு மேல்நோக்கி வளைந்த கண், கூர்மையான மூக்கு, மெல்லிய விரல்களில் தாமரை. அஞ்சல் துறை 1973இல் அதைத் தபால்தலையாகவே வெளியிட்டது. சிற்றோவியம் என்றால் அழகிய முகம் என்ற எண்ணம் நாடெங்கும் பரவியதற்கு இந்த ஓர் ஓவியத்தின் புகழும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அதே நிஹால்சந்த், அதே சாவந்த் சிங் அரசருக்காக வரைந்த படகு ஓவியத்தைத் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் பார்ப்பவர் வேறொரு முடிவுக்கு வருவார். ஏரியும் கரைமேல் நகரமும் சோலையும் தாளை நிறைக்க, நடுவில் ஒரு செந்நிறப் படகு. காதலர் விரல் நுனியளவே இருக்கிறார்கள். படகில் தோழியரோடு இருப்பவர்களே கீழே சோலையின் இருளிலும் தனித்துச் சந்திக்கிறார்கள். அந்த ஓவியத்தில் எந்த முகத்தைத் தனியே வெட்டி எடுப்பது?

துயரத்தை உடலிலேயே காட்டும் மரபும் இங்கு இல்லாமலில்லை. பாரசீகக் கதையிலிருந்து முகலாய ஓவியத்துக்கு வந்த மஜ்னூன் விலா எலும்புகள் தெரிய, அரையாடையோடு, மான்களும் கொடிய விலங்குகளும் சூழப் பாலையில் அமர்ந்திருப்பான். லைலாவின் பிரிவு அவன் சதையை உருக்கிவிட்டது. இவ்வளவு வெளிப்படையாக வரையத் தெரிந்த நாட்டில்தான் பஹாடி ஓவியர்கள் தலைவியின் வளையைக்கூட நெகிழவிடாமல், அவள் அருகே ஒரு விளக்கை அணைத்து வைத்தார்கள். அது அவர்கள் தேர்ந்தெடுத்த வழி.

நம்மவர்களுக்கு இங்கே அகத்திணை நினைவுக்கு வருவது இயல்பு. மழையில் காத்திருக்கும் தலைவியும், தோழியின் தூதும், கருப்பொருளின் வழியே உணர்த்தப்படும் உரிப்பொருளும் மிக நெருக்கமாகத் தோன்றும். எனினும் முல்லையையும் பாலையையும் காங்ரா ஓவியத்தின்மேல் ஏற்றி விளக்கம் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஓவியர்கள் படித்தது கேசவதாசரையும் பானுதத்தரையும் ஜயதேவரையும்தான். அவர்கள் சொற்படி அவர்களைப் படிப்பதே முறை. இத்துறையில் தமிழர்க்கு உண்மையான உரிமை ஒன்று இருக்கிறது. முகலாய ஓவியத்தின் நிழலிலேயே வைத்துப் பார்க்கப்பட்டு வந்த இந்த ஓவியங்களைத் தனி மரபாகப் பிரித்து 1916இல் இரண்டு தொகுதிகளாக ராஜபுத்திர ஓவியத்தைப் பற்றி நூல் எழுதியவர், கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. எட்டு நாயகியரைப் பற்றி மட்டும் 1914இலேயே அவர் தனிக்கட்டுரை எழுதினார். 1917இல் அவர் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்றபோது அவர் திரட்டிய ஓவியங்களும் அங்கே சென்றன. படத்தையும் பாட்டையும் பிரிக்காமல் பார்க்கவேண்டும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே அவர் காட்டிய வழியைத் தமிழ்ப் பத்திரிகைகளாவது பின்பற்றலாமே என்பது என் ஆதங்கம்.

பிரிப்பது பத்திரிகைகள் மட்டுமல்ல என்பதும் உண்மை. வணிகர்கள் தொடர்களைக் கலைத்துத் தாள் தாளாக விற்றிருக்கிறார்கள். மானகுவின் 1730ஆம் ஆண்டுத் தொடர், தேசப்பிரிவினைக்குப் பின் லாகூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பு பங்கிடப்பட்டபோது, லாகூருக்கும் இன்று சண்டிகரில் இருக்கும் தொகுப்புக்குமாகப் பிளவுண்டது. பசோலித் தொடரில் செய்யுள் தாளின் பின்புறத்தில் எழுதப்பட்டிருப்பதால், சட்டமிட்டுச் சுவரில் மாட்டும்போது பார்வையாளருக்கு அது தெரிவதே இல்லை. இத்தனை இழப்புகளுக்குப் பிறகு நம்மிடம் வந்துசேரும் ஒற்றைத் தாளையாவது நாம் முழுதாகத் தரவேண்டாமா?

எனவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். சிற்றோவியம் எதையும் நான்கு பக்க ஓரப்பட்டையோடும், செய்யுள் பட்டை இருந்தால் அதனோடும் முழுமையாக அச்சிடுங்கள். பத்தியின் அகலத்துக்குள் அது அடங்காவிட்டால், மூன்று படங்களுக்குப் பதில் ஒரு படம் போடுங்கள். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டியே தீரவேண்டுமானால் முழுப்படத்தின் அருகே அதைத் துணைப்படமாக வைக்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. விளக்கக் குறிப்பில் ‘அழகி’, ‘நங்கை’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, எந்த ஊர்ப் பாணி, ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த நாயகி அல்லது எந்த ராகினி, எந்த நூலின் செய்யுள், இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்னும் விவரங்களைக் கொடுங்கள். இரண்டு வரிகளில் இவை அடங்கிவிடும்.

செலவை இதற்குத் தடையாகச் சொல்ல இயலாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், கிளீவ்லாந்து அருங்காட்சியகம் 2019 முதலும் தம்மிடமுள்ள காப்புரிமையற்ற படைப்புகளின் தெளிவான படங்களை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்த இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. அவ்விரு அருங்காட்சியகங்களிலும் பஹாடி, ராஜஸ்தானி ஓவியங்கள் ஏராளம். படத்தோடு ஓவியத்தின் அளவு, காலம், பொருள் ஆகிய குறிப்புகளும் அங்கேயே கிடைக்கின்றன. அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியாகும்போது, படப்பிரிவினர் ஓவியத்தை வெட்டுவதற்கு முன் அந்தக் குறிப்பைக் கட்டுரையாளரிடம் ஒருமுறை காட்டிக் கேட்கும்படி தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.